140 கிலோமீட்டருக்குப் பிறகு மந்தமாகும் தலை: பிசிஏஏ பொடியால் பலன் உண்டா?

நெடுவழி:
வணக்கம் நண்பர்களே. வயது 43. அடுத்த மாதம் 300 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 140 கிலோமீட்டரைத் தாண்டியதும் காலுக்கு முன்பே தலை சோர்ந்துவிடுகிறது. போன ஞாயிறு வேகமானியில் ஒரே எண்ணை மூன்று முறை பார்த்தேன், மனதில் பதியவில்லை. மேடு முடிந்து சமதளம் வந்த பிறகும் கியரை மாற்றத் தோன்றாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதமாகப் பிசிஏஏ பொடியை (லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் கலவை) பாட்டிலுக்கு 10 கிராம் கலந்து குடிக்கிறேன். எவ்வளவு குலுக்கினாலும் வெள்ளைத் துகள் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, கடைசி மடக்கு ஒரே கசப்பு. மூளைச் சோர்வைத் தள்ளிப்போடும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அளவைக் கூட்டலாமா?

பின்காற்று:
ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நெடுவழி:
20 கிராம் இருந்தால் அதிகம். கொழுப்பு எரியட்டும் என்று சர்க்கரையைத் தவிர்க்கிறேன்.

மேடேறி:
கூட்டாதீர்கள் ஐயா. நானும் ஓராண்டு முழுக்க அதே கசப்பைக் குடித்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டப்பாவில் இருப்பது வெறும் கதையல்ல. உயிர்வேதியியல் அறிஞர் எரிக் நியூஸ்ஹோம் 1987-இல் முன்வைத்த கருத்து அது. மூளைக்குள் நுழைய டிரிப்டோபான் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கும், பிசிஏஏவில் உள்ள லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றுக்கும் ஒரே வாசல். நெடுநேரம் மிதிக்கும்போது தசை இந்த மூன்றையும் எரிக்கிறது. வாசலில் நெருக்கடி குறைந்து டிரிப்டோபான் அதிகமாக உள்ளே போய் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளாக மாறுகிறது, களைப்பு கூடுகிறது என்பது அவர் விளக்கம். அப்படியானால் மூன்றையும் குடித்து வாசலை அடைத்துவிடலாமே என்றுதான் நமக்கும் தோன்றும்.

சோதித்துப் பார்த்தார்கள். 1995-இல் வெளிவந்த வான் ஹால் குழுவின் ஆய்வில், பயிற்சி பெற்ற 10 மிதிவண்டி வீரர்கள் சர்க்கரை நீரை மட்டும் குடித்தும், அதில் டிரிப்டோபான் அல்லது பிசிஏஏ கலந்து குடித்தும் ஓட்டினார்கள். எதைக் குடித்தாலும் ஏறக்குறைய 122 நிமிடத்தில் ஓய்ந்தார்கள். டிரிப்டோபான் அவர்களை முன்கூட்டியே சாய்க்கவில்லை, பிசிஏஏ தாங்கிப் பிடிக்கவும் இல்லை. பிசிஏஏவை அள்ளிக் குடித்தால் ரத்தத்தில் அமோனியா ஏறும், அது வேறு.

உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது சர்க்கரை விரதம். டிரிப்டோபானில் பெரும்பகுதி ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் பயணிக்கிறது. மாவுச்சத்து இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் கொழுப்பு அமிலங்கள் பெருகி, அல்புமினில் இடம் பிடித்து, டிரிப்டோபானைக் கழற்றிவிடுகின்றன. எதைத் தடுக்கப் பொடி குடிக்கிறீர்களோ அதையே விரதம் வளர்க்கிறது. மூளை வேலை செய்வதும் குளுக்கோஸில்தான். எண் பதியாமல் போனதற்கு ரத்தச் சர்க்கரை இறங்கியதே காரணமாக இருக்கலாம்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் குளுக்கோஸுடன் பிரக்டோஸும் சேர்ந்தால்தான் குடல் ஏற்கும். 90 வரை போகலாம். ஆனால் வயிற்றையும் காலைப் போலவே பழக்க வேண்டும். ஓட்ட நாளன்று திடீரென்று ஆரம்பித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கிலிச்சத்தம்:
தசை தேறுவதற்கென்று வாங்கியிருந்தாலும் இந்த மூன்று மட்டும் போதாது. இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் வேண்டும். ஓட்டம் முடிந்ததும் 20 முதல் 25 கிராம் நல்ல புரதம் போதும். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் ஏறக்குறைய கால்பங்கு பிசிஏஏதான். பீட்டா அலனின் என்று இன்னொரு அமினோ அமிலப் பொடி விற்கிறார்கள், அதன் பக்கம் போகாதீர்கள். அது சில நிமிட முழுவேக முயற்சிக்கு உதவுவது.

நெடுவழி:
இந்த ஞாயிறு 160 கிலோமீட்டர், பொடி இல்லை, மணிக்கு 60 கிராம். 150-இல் வேகமானி காட்டிய 23.4 இப்போதும் நினைவிருக்கிறது! மூன்றாம் மணியில் மட்டும் வயிறு உப்பிக்கொண்டது.

மேடேறி:
மிக்க மகிழ்ச்சி ஐயா! ஒரே மூச்சில் குடித்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்காகக் குடியுங்கள், கரைசலையும் கொஞ்சம் நீர்க்கச் செய்யுங்கள். அடுத்த வாரம் 45 கிராமில் தொடங்கி ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.