லண்டன் றைஸ் குக்கர் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யாதாம்!

வடலி: நேற்று இங்கே லெஸ்டர் பெடியன் என்பவர் ஓர் அறிவுரை போட்டிருந்தார். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் இங்கிலாந்தில் வாங்கிய மின்சாமான் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாமாம், யாழ்ப்பாணத்தில் பிளக் பொருந்தாதாம். என்ன கண்டறியாத கதை இது? இலங்கையில் 13 ஆம்ப் சதுர பின்தான் தரம். மற்ற வகைகளை விற்பதற்கு 2018இலிருந்தே தடை. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். எதைப் பார்த்து எழுதினார்?

லெஸ்டர் பெடியன்: சுவரைப் பார்த்து எழுதினேன் அண்ணை. எங்கள் வீடு 1980களில் கட்டியது. குசினியில் இருப்பதெல்லாம் உருண்டை பின். தடை கடைக்காரனுக்கு, எங்கள் சுவருக்கு இல்லை.

வடலி: உங்கள் ஒரு வீடுதான் யாழ்ப்பாணமோ? சதுர பின்தான் தரம்.

கொக்குவில் வயர்மன்: இது என் தொழில், சொல்கிறேன். பழைய வீடுகளில் 5 ஆம்ப், 15 ஆம்ப் உருண்டைப் பொயின்ற் இன்னும் தாராளமாக இருக்கிறது. றைஸ் குக்கர் 700 வாட்ஸ் என்றால் 3 ஆம்ப் அளவுதான் இழுக்கும், பிளக் தலையை மாற்றி 5 ஆம்பிலேயே ஓட்டலாம். ஆனால் தண்ணீர் கொதிக்க வைக்கிற லண்டன் கேத்தில் 3000 வாட்ஸ். அதைப் பிளக் கன்வேட்டர் போட்டு 5 ஆம்ப் பொயின்றில் செருகினால் பொயின்ற் உருகும். பேந்து இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிடுவீர்கள்.

லெஸ்டர் பெடியன்: பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

வடலி: அவர் என் பக்கம். தலையை மாற்றினால் ஓடும் என்று எழுதியிருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். மாற்றுகிற தலையும் சதுர பின்னாகவே இருக்கட்டும், பொயின்றை மாற்றுங்கள். அதுதான் தரம்.

ஸ்காபரோ சித்தப்பா: நான் கனடாவிலிருந்து கொண்டுபோன கேத்தில் செருகிய உடனே புகைந்தது. கொண்டுபோகாமல் விடுவதே புத்தி.

வடலி: சித்தப்பா, கனடாவில் 120 வோல்ட். அதை 230இல் செருகினால் புகையாமல் பூவா பூக்கும்? இது இங்கிலாந்து பற்றிய திரி.

ஸ்காபரோ சித்தப்பா: நீ பிறக்க முதலே நான் வெளிநாடு. மரியாதையாகக் கதை.

நல்லூர் பிள்ளை: எனக்கு செப்டெம்பரில் கோர்ஸ் முடிகிறது. தயவுசெய்து பிளக்கை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கோ. அறை டிபாசிட், சான்றிதழ் எல்லாம் என்ன செய்வது?

மட்டுவில் கத்தரி: தங்கச்சி, இங்கிலாந்தில் டிபாசிட் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும், 2007இலிருந்து சட்டம். எந்தத் திட்டம் என்று இப்பவே கேட்டு வையுங்கள். திறப்பைக் கொடுக்க முதல் அறையை மூலைமூலையாகப் படம் எடுங்கள். பகுதிநேர வேலை செய்திருந்தால் வேலையை விடும்போது முதலாளி தருகிற பி45 வரிச் சான்றை வாங்கி, நாட்டை விட்டுப் போவதை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கிற பி85 படிவமும் அனுப்புங்கள், கூடக் கட்டிய வரி ஏதும் திரும்பி வரலாம். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது புள்ளிப் பட்டியலை, முத்திரையிட்ட உறையில் இரண்டு மூன்று பிரதி எடுத்து வாருங்கள். ஊரில் அரச வேலைக்கு என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள்.

வடலி: நல்ல தகவல். தங்கச்சி, குக்கரை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

லெஸ்டர் பெடியன்: இடம் எங்கே இருக்கிறது? சென்னையில் தனி டிக்கெட்டில் மாறி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெட்டியின் கிலோக் கணக்கே வேறு. அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தில் குக்கரை மடியில் வைத்துக்கொண்டா இருப்பது?

வடலி: கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி பஸ் எடுங்கள். கால் நோகுமோ?

காங்கேசன்துறைக் காற்று: ஏன் கட்டுநாயக்கா? 2019இல் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது வேடிக்கை பார்க்கவா? எங்கட ஆட்களே பாவிக்காவிட்டால் எந்தக் கம்பனி விமானம் விடும்?

வடலி: குக்கர் எப்போது இனத்துரோகமானது?

காங்கேசன்துறைக் காற்று: நான் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை. நீங்கள்தான் பாவித்தீர்கள்.

கொக்குவில் வயர்மன்: இன்னொன்று. இரண்டு பின் சார்ஜரைச் சதுரப் பொயின்றில் போட, நடுத் துளைக்குள் பேனையைக் குத்தித் திறக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள்.

லெஸ்டர் பெடியன்: எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

வடலி: இவர்தான் எங்களுக்கு மின்சாரப் பாடம் எடுத்தவர்! போன மாதம் மிளகாய்த்தூள் திரியிலும் இதே ஆள்தான் வந்து குழப்பினார். லண்டன் கடையிலேயே யாழ்ப்பாணத் தூள் கிடைக்கிறதாம், அம்மா இடித்து அனுப்பத் தேவையில்லையாம்.

லெஸ்டர் பெடியன்: அது உண்மைதானே. நீங்கள் அன்று பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

வடலி: ஓடவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை.

லெஸ்டர் பெடியன்: அப்ப கரண்டே இல்லாத இடத்துக்கா குக்கர்? சரி, தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். எங்கள் குசினிச் சுவரைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

வடலி: போடுங்கள். படத்தில் திகதியும் தெரிய வேண்டும். 1980களில் எடுத்த படத்தைப் போடாதீர்கள்.

ஸ்காபரோ சித்தப்பா: என்னிடம் யாரும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.