யானை இறுதியாட்டம்: முறையான டிராவா, தவறவிட்ட வெற்றியா?

கேள்வி:
சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் கருப்புக் காய்களுடன் ஆடினேன். வெள்ளையின் ராஜா டி4, யானை ஏ8, சிப்பாய் ஏ6. என் ராஜா ஜி7, யானை எஃப்6. நகர்த்த வேண்டியது வெள்ளை. அவர் ராஜாவைச் சிப்பாயின் அருகே கொண்டுவரும்போதெல்லாம் நான் பக்கவாட்டில் செக் வைத்தேன். ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் நான் டிரா கோர, நடுவர் ஏற்றார். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்லாமல் விட்டுவிட்டதாக எதிராளி வருந்துகிறார். அவருக்கு வெல்ல வழி இருந்ததா?

பதில் 1:
இல்லை. இது 1924இல் வெளியான, சதுரங்கப் புதிர் அமைப்பாளர் வான்சுராவின் ஆய்வில் உள்ள தற்காப்பு. உங்கள் யானை ஆறாம் வரிசையிலிருந்து சிப்பாயைத் தாக்கிக்கொண்டே இருப்பதால், வெள்ளை யானை அதைக் காத்தபடி ஏ8இலேயே முடங்கிக் கிடக்கிறது. அதை விடுவிக்க ராஜா பி5க்கு வந்து காவலை ஏற்றால் எஃப்5இல் செக்; பி6க்கு ஏறினால் எஃப்6இல் செக்; ராஜா சிப்பாயை விட்டு விலகியதும் யானை மீண்டும் ஆறாம் வரிசைக்குத் திரும்பிவிடும். சிப்பாயை ஏ7க்குத் தள்ளினாலோ, நீங்கள் உடனே ஏ6க்குச் சென்று அதன் பின்னால் நின்றுகொள்ளலாம்; அதன்பின் ராஜாவுக்குச் செக்குகளிலிருந்து ஒதுங்க இடமில்லை. அமெச்சூர் ஆட்டத்தில் இவ்வளவு துல்லியமாகக் காத்தது பாராட்டத்தக்கது.

பதில் 2:
முடிவை ஏற்கிறேன்; ஆனால் எதிராளி ஆராய வேண்டியது இந்த நிலையை அல்ல, தன் யானையைச் சிப்பாயின் முன்னால் நிறுத்திய முந்தைய கட்டத்தை. கடந்து செல்லும் (எதிராளியின் சிப்பாய்கள் தடுக்க முடியாத) சிப்பாயின் பின்னால் யானை நிற்க வேண்டும் என்று ஜெர்மானிய சதுரங்க வல்லுநர் டாராஷ் வலியுறுத்தியது இதற்காகத்தான்: பின்னால் நின்றால், சிப்பாய் முன்னேற முன்னேறத் தன் யானைக்கு இடம் விரியும், தடுக்கும் யானைக்குச் சுருங்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் ராஜா எஃப்7இல் நின்றிருந்தாலும் இதே முடிவுதானா?

பதில் 1:
அங்கே தோற்றிருப்பீர்கள். சிப்பாய் ஏ7, உங்கள் யானை ஏ6 என்றானதும் வெள்ளை யானை எச்8க்குச் செல்லும். நீங்கள் சிப்பாயை வெட்டினால் எச்7இல் செக் வைத்து, ராஜா விலகியதும் ஏழாம் வரிசையில் உங்கள் யானையைப் பறித்துவிடுவார். வெட்டாவிட்டால் சிப்பாய் ராணியாகிவிடும். ஆகவே இந்தத் தற்காப்பில் ராஜா ஜி7, எச்7 ஆகிய இரு கட்டங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்.