வடக்குத் தெரு வீடு: ஃப்ளெக்ஸ் பஞ்சாயத்து

கார்த்தி: ஃப்ளெக்ஸ் டிசைன் போட்டிருக்கேன். அக்டோபர் 8, நம்ம கராத்தே மியாகி மாஸ்டர் நினைவு நாள். சாயங்காலம் 6க்குள்ள ஓகே சொல்லிருங்க, பிரிண்டுக்கு போகணும்

ராஜி அத்தை: சூப்பர்டா தங்கம்

குமார் சித்தப்பா: போகாது. படத்துல இருக்கிறது ஃபுனாகோஷி

கார்த்தி: கராத்தே மாஸ்டர்னு தேடினா இவர்தான் முதல்ல வந்தார் சித்தப்பா

பிரபு அண்ணன்: தாத்தா கண்ணீர் அஞ்சலிக்கு சின்னத் தாத்தா படம் போட்டவன்தானல நீ

சுதா: அவரே கூப்பிட்டு கேட்டார்ல, "நான் எப்படா போனேன்"னு

குமார் சித்தப்பா: ஃபுனாகோஷி ஷோட்டோகான் பிரிவு. ஜப்பான் ஒகினாவா தீவுல ஷூரி ஊர்ப் பக்கம். நாம கோஜு-ரியு பிரிவு. சோஜுன் மியாகி அதே தீவுல நஹா துறைமுகத்துக்காரர், 1888 ஏப்ரல் 25ல பிறந்தவர். 14 வயசுல கான்ரியோ ஹிகாஒன்னாகிட்ட சேர்ந்தார். அந்த குரு சீனாவுல ஃபூஜோ போய் கத்துக்கிட்டு வந்தவர். கீழ "கராத்தேயைக் கண்டுபிடித்தவர்"னு எழுதியிருக்கியே, அதை எடு. குரு 1915ல இறந்தப்புறம் அந்த நஹா வித்தையை வரிசைப்படுத்தி, பேர் வெச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரைக்கும் கொண்டு போனவர்னு போடு

ராஜி அத்தை: கராத்தே கிட் சினிமாவுல காரைத் துடைக்கச் சொல்லுவாரே, அந்த தாத்தாவா?

குமார் சித்தப்பா: இல்ல அக்கா. பேரு மட்டும் இவர்கிட்ட இருந்து எடுத்தது

ராஜி அத்தை: நல்ல மனுஷன்

சுதா: சித்தி, அது கற்பனைப் பாத்திரம்

கார்த்தி: சித்தப்பா ரெண்டு வரில முடியுற மாதிரி சொல்லுங்க. இடம் 6க்கு 4தான்

குமார் சித்தப்பா: (ஆடியோ 4:12)

மணி மாமா: மாப்ள, டைப் பண்ணுங்க. ஆபீஸ்ல இருக்கேன்

குமார் சித்தப்பா: பேர் வந்த கதையைப் போடலாம். 1930ல மியாகியோட மூத்த சீடர் ஜின்ஆன் ஷின்சாதோ டோக்கியோவுல செய்து காட்டப் போனார். உங்க பிரிவு பேர் என்னன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் பேரே கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுத் திரும்பி வந்து குருகிட்ட சொன்னார். குரு கோவிச்சுக்கலை. புபிஷின்னு பழைய சீனச் சுவடி, அதுல "மூச்சை விடுறதும் இழுக்கிறதும் கடினமும் மென்மையும்"னு ஒரு வரி. கோ கடினம், ஜு மென்மை. 1933ல புதோகுகாய்ங்கிற ஜப்பான் தற்காப்புக் கலைச் சங்கத்துல அந்தப் பேர் பதிவாச்சு. ஷின்சாதோதான் அடுத்த வாரிசுன்னு மியாகி நினைச்சிருந்தார், ஆனா ஷின்சாதோ 1945 ஒகினாவா போர்ல இறந்துட்டார். தன் பிள்ளைகளையும் அந்தப் போர்லதான் மியாகி இழந்தார்

பிரபு அண்ணன்: 🙏

கார்த்தி: சரி. "10வது டான் கிராண்ட் மாஸ்டர்" இருக்கட்டுமா?

குமார் சித்தப்பா: அதைத்தான் முதல்ல எடுக்கணும். அவருக்கு வந்தது 1937ல கியோஷிங்கிற ஆசிரியர் பட்டம். அவரா ஒரு சீடனுக்குக்கூட டான், அதான் பிளாக் பெல்ட் தரம், கொடுத்தது கிடையாது. கலர் பெல்ட்டு, டான் எல்லாம் அவருக்கப்புறம் சீடர்கள் அவங்கவங்க பள்ளில ஏற்படுத்திக்கிட்டது

மணி மாமா: ஒன்றரை வருஷத்துல பிளாக் பெல்ட் வாங்கினவங்க இந்த குரூப்லயே இருக்காங்க. பேர் சொல்லலை

லதா மைனி: எங்க பையன்னு நேரா சொல்லுங்கண்ணே. ஃபீஸ் நீங்களா கட்டுனீங்க

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா: ஸ்கிரீன்ஷாட் இருக்கு மாமா

குமார் சித்தப்பா: விஷயத்துக்கு வாங்க. மேடைக்கு சிஇஷி, அதான் காம்பு வெச்ச பயிற்சிக் கல்லு, நாலு வேணும், இன்னும் ரெண்டு நாள்ல வார்க்கணும். பிரபு?

பிரபு அண்ணன்: அளவு சொல்லுங்க. போன தடவை மாதிரி தலை கழண்டு சுத்தக்கூடாது

குமார் சித்தப்பா: கழண்டதுக்கு காரணம் கட்டை. சிமெண்டு ஈரத்தை குடிச்சு ஊதிருது, காய்ஞ்சதும் சுருங்கி இடைவெளி விழுது. மம்பட்டிக் காம்பை ஒன்றரை அடியா அறு. நாலு இஞ்ச் உள்ள புதையணும். அந்த நாலு இஞ்ச்சுக்கு பெயிண்ட் ரெண்டு கோட், காய்ஞ்சதும் மூணு இஞ்ச் ஆணி நாலு, ஒண்ணுக்கொண்ணு குறுக்கா. ஆணித் தலை ஒரு இஞ்ச் வெளிய நிக்கணும், அதுதான் பிடிமானம். கலவை சிமெண்ட் 1, மணல் 2, பொடி ஜல்லி 3. தண்ணியை கொட்டிக் கரைக்காதே, பிசைஞ்ச புட்டு மாவைவிட கொஞ்சம் இளக்கமா இருந்தா போதும். அச்சுக்கு ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, கிட்டத்தட்ட 2.4 கிலோ வரும். பெரியவங்களுக்கு ரெண்டு லிட்டர் டப்பா, 4.8 கிலோ. குண்டு வெச்சுப் பாத்து காம்பை நேரா நிறுத்து. சாய்ஞ்சுச்சுன்னா சுத்தும்போது ஒரு பக்கமா இழுத்து மணிக்கட்டைப் பதம் பாத்துரும். மறுநாள் டப்பாவைக் கழட்டி ஏழு நாள் ஈரச் சாக்கு. காம்புல பாலிதீன் சுத்திரு, அது நனையக்கூடாது

பிரபு அண்ணன்: ஓகே

குமார் சித்தப்பா: புதுப் பசங்க காம்போட நுனியைப் பிடிக்க வேண்டாம், கல்லுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லு. நிகிரிகமேங்கிற விரல் பிடிப் பயிற்சிக்கு ஜாடி ரெண்டு. வாய் விளிம்பை அஞ்சு விரலாலயும் கவ்விப் பிடிச்சு நடக்கணும். முதல்ல காலி ஜாடி, அப்புறம் வாரத்துக்கு ஒரு டம்ளர் மணல்

ராஜி அத்தை: போன வருஷம் எடுத்துட்டுப் போன என் ஊறுகாய் ஜாடி ரெண்டும் எங்க குமாரு?

சுதா: வந்துச்சு

குமார் சித்தப்பா: ஒண்ணு இருக்கு அக்கா

ராஜி அத்தை: அது அம்மா கொடுத்தது

குமார் சித்தப்பா: அப்புறம் சான்சின், மூச்சோட செய்யுற அந்த கட்டா (அசைவு வரிசை). கார்த்தி, நிகழ்ச்சி நிரல்ல "மியாகி சான்சின்"னு போட்டா பசங்க நடுவுல திரும்பக்கூடாது. திருப்பம் வர்றது ஹிகாஒன்னா சான்சின். முன் குதிகாலும் பின் கால் கட்டைவிரலும் ஒரே கோடு, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு முஷ்டி இடம். தொண்டையில இறுக்கி உறுமுறானுங்க, முகம் சிவந்துரும். சத்தம் வர்றது மூச்சு இல்ல, அடைப்பு. மூச்சு அடிவயித்துல இருந்து வரணும். சின்னதுகளுக்கு கெகிசாய் கட்டா ஒண்ணு மட்டும் போதும், 1940ல அவங்களை மாதிரி ஆரம்பக்காரங்களுக்காகவே அவர் அமைச்சது

லதா மைனி: 8ஆம் தேதி எங்க பையனுக்கு பரீட்சை

கார்த்தி: இதை இப்பதான் சொல்லணுமா மைனி

குமார் சித்தப்பா: அப்ப 25ஆம் தேதிக்கு மாத்தலாம். அதுவும் பொருத்தம்தான். 1936 அக்டோபர் 25ல நஹாவுல மாஸ்டர்கள் கூடிப் பேசி "சீனக் கை"ங்கிற எழுத்தை விட்டுட்டு "வெறுங்கை"ன்னு எழுத முடிவு பண்ணாங்க. மியாகியும் இருந்தார். 2005ல ஒகினாவா சட்டமன்றம் அதையே கராத்தே தினம்னு அறிவிச்சது

மணி மாமா: ஆனா நினைவு நாள் 8தானே. 1953ல

குமார் சித்தப்பா: 8தான்

பிரபு அண்ணன்: 25னா கல்லு நல்லா காய்ஞ்சிரும்

லதா மைனி: 25 எங்களுக்கு ஓகே

மணி மாமா: உங்களுக்கு ஓகேன்னா சரி

ராஜி அத்தை: தக்காளி சாதமா லெமன் சாதமா, எத்தனை பேருக்கு?

கார்த்தி: கடைக்காரர் ஷட்டரை இறக்குறார். தேதி இருந்த இடத்தை காலியா விட்டு அடிக்கச் சொல்லிட்டேன். சித்தப்பா மியாகி படம் அனுப்புங்க

குமார் சித்தப்பா: (ஆடியோ 2:50)