பட்டறைக்குள் ஆர்டர், ஆர்டருக்குள் பட்டறை: ஜேசனில் சுழலை எங்கே வெட்டுவது?

செவ்வாய்ப்பேட்டை: சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா கட்டமைப்பு) கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒரு பட்டறைக்குப் பல ஆர்டர். ஒவ்வொரு ஆர்டரும் தன் பட்டறையைச் சுட்டும். செயலிக்கு அனுப்ப ஜேசனாக (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) மாற்றினால் பட்டறைக்குள் ஆர்டர், அதற்குள் அதே பட்டறை, மறுபடி ஆர்டர். கடைசியில் அடுக்கு நினைவகம் நிரம்பி ஸ்டாக்ஓவர்ஃப்ளோ பிழை. எப்படி நிறுத்துவது?

அஸ்தம்பட்டி: இரண்டே வரி அனோட்டேஷன் (நிரலில் வைக்கும் குறி). பட்டறையின் ஆர்டர் பட்டியலுக்கு ஜேசன்மேனேஜ்டுரெஃபரன்ஸ், ஆர்டரில் உள்ள பட்டறைக்கு ஜேசன்பேக்ரெஃபரன்ஸ். திரும்பிப் பார்க்கும் சுட்டலை, ஸ்பிரிங் பூட்டில் ஜேசன் எழுதும் நூலகமான ஜாக்சன் எழுதாது.

ஏற்காடு: அங்கேதான் சிக்கல் அண்ணா. ஆர்டரை மட்டும் தனியாகக் கேட்டால் பட்டறையே வராது. மூன்று கிலோ வெள்ளி கொடுத்த வியாபாரி முதலில் கேட்பது "யார் பட்டறையில் இருக்கு?" என்பதுதானே!

அஸ்தம்பட்டி: சரி தம்பி, ஜேசன்ஐடென்டிட்டிஇன்ஃபோ போடச் சொல்லுங்கள். முதல் தடவை முழுப் பட்டறை, அப்புறம் அதன் எண் மட்டும். எதுவும் தொலையாது.

ஏற்காடு: அதில் ஒரு வாரம் அடிபட்டவன் நான். காப்பித் தோட்டத்துக் கூலிக் கணக்கு. பட்டியலில் முதல் ஆளுக்குத் தோட்டப் பிரிவு முழுதாக வந்தது. அதே பிரிவில் இருந்த இரண்டாவது ஆளுக்கு வெறும் 7, பிரிவின் எண். ஆண்ட்ராய்டில் ஜேசனைப் படிக்கும் ஜிசான் நூலகம் அந்த 7-ஐப் பார்த்ததும் நின்றுவிட்டது. சோதித்தபோது பிரிவுக்கு ஓர் ஆள்தான் வைத்திருந்தோம், அதனால் தெரியவில்லை. ஜேசனுக்குச் சுட்டல் என்ற ஒன்றே கிடையாது; நாம் வைக்கும் குறி வாங்குகிறவருக்கும் புரிய வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 6-ல் வந்த இக்னோர்சைக்கிள்ஸ் இன்னும் மோசம்: சுழலை நல் (வெற்று மதிப்பு) போட்டு வெட்டும். பட்டறை இல்லையா, வெட்டுப்பட்டதா என்று எப்படித் தெரியும்? தனி டிடிஓ (அனுப்ப வேண்டிய புலங்கள் மட்டும் உள்ள வகுப்பு) எழுதுங்கள்: ஆர்டர் எண், எடை, பட்டறை எண், பெயர். சுழலே இருக்காது.

அஸ்தம்பட்டி: நாற்பது என்டிட்டிக்கும் (பட்டறை, ஆர்டர் போலத் தரவுத்தளத்தில் சேமிக்கும் வகுப்பு) டிடிஓ எழுத ஆள் எங்கே? இரண்டு முனையிலும் ஜாக்சன் இருந்தால் அந்த 7 பழையபடி அதே பொருளாகிவிடும். உங்களுக்கு உதைத்தது மறுமுனையில் ஜிசான் இருந்ததால்.

செவ்வாய்ப்பேட்டை: என் மறுமுனையும் ஆண்ட்ராய்டு செயலிதான், ஜிசான்தான். ஆர்டருக்கு மட்டும் டிடிஓ எழுதிவிட்டேன், ஓடுகிறது.

அஸ்தம்பட்டி: நாளைக்குச் சேதாரம் என்று ஒரு புலம் சேர்த்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு: திருத்தட்டும் அண்ணா. சேதாரம் வியாபாரியின் செயலிக்குப் போகலாமா என்று அங்கேயே ஒரு தடவை யோசிப்பார்.