புதுப்பிப்பு: பனியன் கட்டிங் கழிவு, 18 கிலோவிலிருந்து 14 கிலோ

திருப்பூரில் எங்கள் சின்ன யூனிட்டில் 100 கிலோ துணி வெட்டினால் 18 கிலோ கழிவாகிறது, மார்க்கர் (துணியில் எந்தப் பாகத்தை எங்கே வெட்டுவது என்று நெருக்கமாக அடுக்கிக் காட்டும் வரைபடம்) போடும் சாஃப்ட்வேர் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கவில்லை. "முதலில் ரோல்களை அகலம் வாரியாகப் பிரியுங்கள், மார்க்கரை வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது. இருப்பதிலேயே குறைந்த அகலத்தை வைத்து எல்லா ரோலுக்கும் ஒரே மார்க்கர் போட்டு வந்திருக்கிறோம். அகலமான ரோலில் ஓரமெல்லாம் வீண். பிரித்த பிறகு கழிவு 14 கிலோ. மிச்சமான துணியின் விலை, மார்க்கர் கூலியையும் ரோல் அளக்கும் ஆள் கூலியையும் தாண்டி நிற்கிறது. சின்ன ஆர்டருக்கு மட்டும் கூலி கட்டாது, அதற்கு மார்க்கரைப் பழையபடி எங்கள் கட்டிங் மாஸ்டரே கையால் போடுகிறார்.

கட்டிங் வேஸ்ட் விற்ற காசு குறைந்தது, அது பெரிய தொகை இல்லை, சரி. எதிர்பாராத அடி வேறு: லைக்ரா (இழுத்தால் நீளும் இழை) கலந்த துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் ஆறப்போடாமல் வெட்டியதில் ஒரு லாட் முழுக்க அளவு சுருங்கிவிட்டது. முன்பு மாஸ்டர் தாராளமாக வெட்டியதால் இந்தக் குறை தெரிந்ததே இல்லை! இப்போது முந்தின நாளே பிரித்துப் போடுகிறோம், அதற்கு இடம்தான் பற்றவில்லை.