பெங்களூரில் கோதுமை பியருக்கு ஃபிரிட்ஜ் வேண்டுமா, வேண்டாமா?

ஹைட்ரோமீட்டர்:
கன்டோன்மென்ட்காரன் நேற்று எழுதியதை அப்படியே விட மனசு வரவில்லை. “பெங்களூரு குளிர் போதும், வீட்டில் பியர் நொதிக்க வைக்க ஃபிரிட்ஜே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் என் கோதுமை பியரை எல்லாரும் குடித்தார்கள். வாழைப்பழ வாசம் தூக்கலாக இருந்தது. ஜெர்மனிக்காரன் செய்வதும் அப்படித்தான்” என்கிறார். புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளைகள் இதை நம்பி மால்ட் (பியருக்கான முளைகட்டிய தானியம்) வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெஃபவைசனில், அதாவது ஜெர்மன் கோதுமை பியரில், வாழைப்பழ வாசம் வர வேண்டும், யாரும் மறுக்கவில்லை. அந்த வாசத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட், ஈஸ்ட் தருவது. ஆனால் கூடவே கிராம்பு வாசமும் நிற்க வேண்டும். அன்றைக்குக் கிராம்பு துளிகூட இல்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பழம், பின்னாலேயே நெயில் பாலிஷ் நெடி, விழுங்கினால் தொண்டையில் எரிச்சல். அது சூட்டில் நொதித்த பியர். ஒரே கேள்வி: இரண்டாம் நாள் வாளிக்குள் எத்தனை டிகிரி?

கன்டோன்மென்ட்காரன்:
நெயில் பாலிஷ் நெடி அடித்த பியரை இரண்டாவது கிளாஸ் ஏன் கேட்டு வாங்கினீர்கள்? என் தாத்தா காலத்திலிருந்து அல்சூரில் இருக்கிறோம், இந்த ஊர் காற்று எனக்குத் தெரியும். குளியலறை மூலையில் வாளி, அதைச் சுற்றி ஈரத்துணி, எதிரே டேபிள் ஃபேன். டிசம்பரில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குகிற ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும்? வாழைப்பழ வாசம் வந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஹைட்ரோமீட்டர்:
டிசம்பர் கதை எதற்கு? நீங்கள் காய்ச்சியது ஏப்ரலில். இதே பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தது. 2024 ஏப்ரலில் 38.5. தாத்தா காலத்துப் பெங்களூரு போய்விட்டது, அண்ணே.

ஈஸ்ட் பொட்டலத்தில் போட்டிருக்கும் டிகிரி வாளிக்குள் இருக்கும் திரவத்துக்கு, அறைக் காற்றுக்கு இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறை 28 என்றால் உள்ளே 31, 32 போகும். ஈரத்துணி அதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வாளியின் வெளிப்பக்கம் வெப்பமானிப் பட்டை ஒட்டினீர்களா? மேஷ் போடும்போது, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, 44 டிகிரி பக்கத்தில் கால் மணி நேரம் நிறுத்தினீர்களா? கிராம்புக்கு வேண்டிய ஃபெருலிக் அமிலம் அங்கேதான் கிடைக்கிறது. இரண்டாம் நாள் எத்தனை டிகிரி?

நுரை:
வைஸ், விட், எல்லாம் ஒரே கோதுமை பியர்தானே? கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டால் வாசம் தானாகச் சரியாகிவிடும். இதற்கு ஏன் சண்டை?

ஹைட்ரோமீட்டர்:
கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் பெல்ஜியத்து விட்பியருக்கு. நாம் பேசுவது பவேரியா வைஸ், அதாவது ஹெஃபவைசன். இந்திராநகர் டாயிட் பப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், 2010-லிருந்து இருக்கிற இடம். அதன் பிறகு ஒன்றுதான் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நுரை:
ஜெர்மன் சட்டப்படி பியருக்குப் பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) மட்டும்தான். பவேரியாவில் 1516-லேயே போட்ட சட்டம். கோதுமையே கூடாது என்னும்போது இரண்டு பேரும் எதற்குப் பவேரியா என்கிறீர்கள்?

ஹைட்ரோமீட்டர்:
பாதி படித்துவிட்டு வராதீர்கள். கோதுமை பியருக்குப் பவேரியாவில் தனி அனுமதி இருந்தது. 1602-இல் அந்த உரிமையைப் பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் தன் கைக்கே கொண்டுவந்து அரண்மனைக்குக் காசு சேர்த்தார். சரி, அதை விடுங்கள். கன்டோன்மென்ட்காரன் இன்னும் டிகிரி சொல்லவில்லை.

சேலத்து ஆள்:
எனக்கு வேறு சந்தேகம். வாழைப்பழம் வாழைப்பழம் என்கிறீர்களே, எந்தப் பழம்? இங்கே கிடைக்கும் ஏலக்கியா, நம் ஊர் ரஸ்தாளியா? எனக்கு அன்று ரஸ்தாளி மாதிரிதான் இருந்தது, நன்றாகவே இருந்தது. நெயில் பாலிஷ் எதுவும் தெரியவில்லை.

கன்டோன்மென்ட்காரன்:
கேட்டீர்களா? ஒருவர் நன்றாக இருந்தது என்கிறார். ரஸ்தாளி வாசம் வந்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஹைட்ரோமீட்டர்:
சேலத்து ஆள் அதற்கு முன் மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு காலி செய்திருந்தார். பஜ்ஜி தின்ற வாயோடு பியர் ருசி சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சேலத்து ஆள்:
பஜ்ஜி வாங்கி வந்தவன் நான். நீங்கள் ஒரு கடலைப் பொட்டலமாவது கொண்டுவந்ததுண்டா?

ஜெயநகர் நாலாம் பிளாக்:
வேடிக்கை பார்க்கிறேன். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது கர்நாடகக் கலால் சட்டம் 1965-இன்படி குற்றம். பியருக்கு வீட்டு விலக்கு எதுவும் கிடையாது. டிகிரிக்கு அடித்துக்கொள்பவர்கள் அதையும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நுரை:
அமெரிக்காவிலேயே வீட்டுப் பியருக்கு 1978-இல்தான் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். இங்கேயும் ஒருநாள் வரும்.

ஜெயநகர் நாலாம் பிளாக்:
வரும்போது காய்ச்சுங்கள்.

கன்டோன்மென்ட்காரன்:
சட்டம் இருக்கட்டும். ஹைட்ரோமீட்டருக்கு என் பியர்மேல் கோபம் இல்லை, என்மேல்தான். தீபாவளிக்கு முந்தின கூட்டத்தில் அவருடைய ஸ்டவுட்டை (கறுப்பு பியர்) நான் வாஷ்பேசினில் கொட்டினேன். வெண்ணெய் நாற்றம் அடித்தது, கொட்டினேன். அதை மனசில் வைத்துக்கொண்டு இப்போது வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

ஹைட்ரோமீட்டர்:
அது வெண்ணெய் இல்லை, ஓட்ஸ். ஓட்மீல் ஸ்டவுட் நாக்கில் வழவழவென்றுதான் இருக்கும். வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைல் வரக்கூடாது என்று கடைசி இரண்டு நாள் சூட்டை ஏற்றி வைத்துத்தான் பாட்டிலில் அடைத்தேன். அடர்த்தி 1.050-இல் தொடங்கி 1.012-இல் நின்றது, ஆல்கஹால் 5 சதவீதம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. ருசி பார்க்காமல் ஒருவருடைய ஒரு மாத உழைப்பை வாஷ்பேசினில் ஊற்றியதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. உங்கள் நோட்டில் எத்தனை டிகிரி?

கன்டோன்மென்ட்காரன்:
நான் நோட்டு வைப்பதில்லை. கை வைத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர்தான் முக்கியம். உங்கள் அபார்ட்மென்டில் போர்வெல் உப்புத் தண்ணீர், எனக்குக் காவிரி. கிராம்பு வரவில்லை என்றால் அதுதான் காரணமாக இருக்கும்.

ஹைட்ரோமீட்டர்:
யாருடைய பியரில் கிராம்பு வரவில்லை? உங்களுடையதில்! அதற்கு என் வீட்டு போர்வெல் எப்படிக் காரணம்?

சேலத்து ஆள்:
காவிரி என்று ஆரம்பித்தால் மேட்டூரிலிருந்து நானும் பேசுவேன்.

ஜெயநகர் நாலாம் பிளாக்:
அந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள். நாமெல்லாம் இந்த ஊரில் பிழைக்கிறோம்.

நுரை:
தண்ணீர் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2024 கோடையில் டேங்கருக்கு வரிசையில் நின்றோம். கொதித்த வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை, ஆற வைக்கக் குழாயை ஒரு மணி நேரம் திறந்துவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தொரெகாடனஹள்ளி காவிரி நீரேற்று நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர் பம்ப் செய்து வருகிற தண்ணீர் அது.

ஹைட்ரோமீட்டர்:
என்னைத்தானே சொல்கிறீர்கள்? வோர்ட்டை ஆற வைக்கும் சில்லரிலிருந்து வரும் தண்ணீரை வாஷிங் மெஷினுக்குப் பிடித்துவைக்கிறேன். வீட்டுக்கு வந்து பாருங்கள்.

கன்டோன்மென்ட்காரன்:
ஃபிரிட்ஜ் இல்லாமல் முடியாது என்கிறவர் நார்வேக்காரர்களைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறார்? அவர்களுடைய க்வைக் ஈஸ்ட் 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும். அடுத்த தடவை அதைத்தான் போடப்போகிறேன்.

ஹைட்ரோமீட்டர்:
தாராளமாகப் போடுங்கள், நல்ல ஈஸ்ட். ஆனால் க்வைக் ஆரஞ்சு வாசம் தரும், கிராம்பு தராது. அதை ஊற்றிக் கொடுத்து ‘வைஸ்’ என்று சொன்னீர்கள் என்றால் மறுபடி இதே மாதிரி எழுதுவேன். 35 டிகிரி தாங்கும் ஈஸ்ட் தேடும்போதே தெரிகிறது ஏப்ரலில் உங்கள் வாளி எங்கே நின்றது என்று.

கன்டோன்மென்ட்காரன்:
வாழைப்பழ வாசம் வந்ததா இல்லையா?

சேலத்து ஆள்:
வந்தது. ரஸ்தாளி.

ஹைட்ரோமீட்டர்:
பஜ்ஜி இல்லாமல் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் கிளாஸை மூடிக் கொடுக்கிறேன், யாருடையது என்று தெரியாமல் மூன்று பியர். அதுவரை ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று இங்கே யாரும் புதுப் பையன்களுக்குச் சொல்லாதீர்கள்.

கன்டோன்மென்ட்காரன்:
கூட்டம் என் வீட்டில். கிளாஸும் என்னுடையது. யார் ஊற்றுவது என்பதை நான்தான் சொல்வேன்.