வெயிலில் வந்த பிளேட்லெட் காரணி 4 புரதம் கெட்டுவிட்டதா?

நாகமலை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த நாகமலைப் பகுதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, உறையவைத்து உலர்த்திய மனித பிளேட்லெட் காரணி 4 புரதத்தை (பிளேட்லெட் எனும் இரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் ஒரு கீமோகைன், அதாவது செல்களுக்குச் சைகை தரும் சிறு புரதம்) 10 மைக்ரோகிராம் வாங்கினோம். கத்திரி வெயிலில் கூரியர் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்த பனிக்கட்டிப் பைகள் முழுவதும் உருகியிருந்தன. குப்பிக்குள் பொடி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. 100 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, ஒளி உறிஞ்சுதலை வைத்துப் புரத அளவைக் காட்டும் நானோடிராப் கருவியில் அளந்தேன். ஏறக்குறைய சுழியம்தான் வந்தது. இருந்தாலும் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் வீதம், பச்சை மூடிக் குழாயில் எடுத்த முழு இரத்தத்தில் கலந்து, மோனோசைட்டுகளில் (ஒருவகை வெள்ளையணுக்கள்) வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடுகின்றனவா என்று பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. புரதம் வழியிலேயே கெட்டுவிட்டது என்று சொல்லி விற்றவர்களிடம் மாற்றுக் குப்பி கேட்கலாமா?

வைகைக்கரை:
அவசரப்பட வேண்டாம். உலர்ந்த நிலையில் உள்ள புரதம் ஓரிரு நாள் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். கரைத்த பிறகுதான் அது மென்மையான பொருளாகிறது. 10 மைக்ரோகிராம் என்பது குப்பியின் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் அளவே என்பதால், பொடி தெரியாததில் வியப்பில்லை. மூடியைத் திறக்கும் முன் மையவிலக்கியில் ஒருமுறை சுழற்றினீர்களா?

நானோடிராப் உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 70 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் டிரிப்டோபேன் ஒன்றுகூட இல்லை. டைரோசின் ஒன்றே ஒன்று. 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதற்கு இவைதாம் முதன்மையானவை. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால்கூட அளவீடு 0.22 அளவில்தான் வரும். உங்கள் கரைசல் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.02. அந்த எண்ணை வைத்துக்கொண்டு விற்றவரிடம் சண்டைக்குப் போனால் தோற்றுவிடுவீர்கள்.

திருநகர் பெரியவர்:
அம்மா, புரதத்தைவிட உங்கள் சோதனை அமைப்பின் மீதுதான் எனக்கு ஐயம் அதிகம். பச்சை மூடிக் குழாயில் இருப்பது ஹெப்பாரின் எனும் இரத்தம் உறையாமல் தடுக்கும், எதிர்மின்னேற்றம் கொண்ட சங்கிலிப் பொருள். பிளேட்லெட் காரணி 4 மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் பொருளும் அதுவே. புரதத்தின் வால் பகுதியில் நெருக்கமாக அமைந்த லைசின்கள் அந்த எதிர்மின் சங்கிலியை விடுவதில்லை. (இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருளே ஹெப்பாரின் தரும் நோயாளிகள் சிலருக்குத் தட்டணுக்கள் குறைவதற்கும் இரத்தம் உறைவதற்கும் காரணமான பிறபொருளெதிரிகளின் (ஆன்டிபாடிகளின்) இலக்கு என்பதை 1992-இல் பிரான்சில் ழான் அமிரால் குழுவினர் காட்டினர்.) நீங்கள் ஊற்றிய 50 நானோகிராமும் செல்லைத் தொடும் முன்பே ஹெப்பாரினிடம் சிக்கியிருக்கும்.

இரண்டாவது, முழு இரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களே இந்தப் புரதத்தின் களஞ்சியம். குழாயைச் சற்று வேகமாகக் குலுக்கினாலும் அவற்றுக்குள் இருக்கும் ஆல்ஃபா துகள்கள் எனும் நுண் சேமிப்புப் பைகளிலிருந்து அது வெளிவரும். இரத்தம் உறைந்து கிடைக்கும் சீரத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். வைகையில் வெள்ளம் ஓடும் நாளில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆறு உயர்ந்ததா என்று பார்த்தது போலாகிவிட்டது உங்கள் சோதனை.

மற்ற கீமோகைன்கள் நானோமோலார் அளவில் வேலை செய்யும். மோனோசைட்டுகளிடம் இதற்கு அதைப்போல ஆயிரம் மடங்கான மைக்ரோமோலார் அளவு தேவைப்படுகிறது. ஒற்றை மூலக்கூறின் எடை 7.8 கிலோடால்டன் என்பதால், ஒரு மைக்ரோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 7.8 மைக்ரோகிராம். நீங்கள் போட்டது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஹெப்பாரினுக்குப் பதில் சிட்ரேட்டால் உறைதலைத் தடுக்கும் குழாயில் இரத்தம் எடுத்து, மோனோசைட்டுகளைப் பிரித்து, நன்றாகக் கழுவிய பிறகு சோதியுங்கள். உடலில் நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தே இருப்பதால், செறிவை எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

ஆனையூர்:
பெரியவர் சொன்ன அளவுக்கு உயர்த்தும்போது வேறொரு சிக்கல் வரும். ஈ.கோலையில் செய்த புரதத்தோடு அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நஞ்சான எண்டோடாக்சினும் வரக்கூடும். புரதத்தைக் கூட்டினால் அதுவும் கூடும். மோனோசைட்டுகள் அதற்கு மிகச் சிறிய அளவிலேயே கிளர்ந்துவிடும் என்பதால், கிடைக்கும் விளைவு எதனுடையது என்று தெரியாமல் போகும். கொதித்தால் புரதம் கெடும், எண்டோடாக்சின் தாங்கும் என்பதால், கொதிக்கவைத்த மாதிரியை ஒப்பீட்டுக்கு வைப்பது வழக்கம். ஆனால் இரண்டு டைசல்பைடு பிணைப்புகள் கொண்ட இச்சிறு புரதம் ஆறியபின் மீண்டும் மடங்கிக்கொள்ளக்கூடும். அதனால் அதை மட்டும் நம்பாமல், குப்பியின் எண்டோடாக்சின் அளவைக் கேட்டு வாங்கி, அதே அளவு எண்டோடாக்சினைத் தனியாகச் சேர்த்த ஒரு குழியையும் சோதனைத் தட்டில் வையுங்கள்.

இன்னொன்று: நேர்மின்னேற்றம் மிகுந்த இப்புரதம் சாதாரண பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புரதம் ஒட்டாத வகைக் குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி உருக்கி உறையவைக்காதீர்கள்.

நாகமலை மாணவி:
அனைவருக்கும் நன்றி. மையவிலக்கியில் சுழற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதமிருந்த கரைசலில் ஒரு மைக்ரோகிராமை ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயமிட்டேன். 10 கிலோடால்டன் அடையாளக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு பட்டை தெளிவாகத் தெரிகிறது. மாற்றுக் குப்பி கேட்கவில்லை. எண்டோடாக்சின் சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறேன். எஞ்சியதை வைத்து 100 மைக்ரோலிட்டர் குழிகளில் ஒரு மைக்ரோமோலார் அளவில் பத்துக் குழிகூடத் தேறுமா என்று இன்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.